புதிய லாரி ஓட்டுநர் எந்தப் பாதையை, எந்த முதலாளியைத் தேர்ந்தெடுப்பது?

கனரக வாகன உரிமம் கைக்கு வந்த சில நாள்களிலேயே புதிய ஓட்டுநரைத் தேடி மூன்று நான்கு வாய்ப்புகள் வருவதுண்டு. ஒரு பெரிய நிறுவனம் பயிற்சியும் கொடுத்து வேலையும் தருவதாகச் சொல்கிறது. இரண்டு வண்டி வைத்திருக்கும் தனி முதலாளி கிலோமீட்டருக்குக் கூடுதலாகத் தருவதாகச் சொல்கிறார். ஒரு தொழிற்சாலை தன் சொந்தச் சரக்கைக் கொண்டுபோக ஆள் தேடுகிறது. இன்னொருவர் தவணையில் வண்டியையே சொந்தமாக்கித் தருவதாக ஆசை காட்டுகிறார். இவற்றை ஒப்பிடும்போது பெரும்பாலோர் முதலில் கேட்பது கிலோமீட்டருக்கு எவ்வளவு என்பதைத்தான். நானும் அதைத்தான் கேட்டேன். பல ஆண்டுகள் ஓட்டிவிட்டு, இப்போது புதியவர்களுக்கு வண்டி பழக்கும் வேலையில் இருக்கும் எனக்கு, கேள்விகளின் வரிசை வேறாகத் தெரிகிறது. எந்த நேரத்தில் உறங்க முடியும் என்பதைத் தீர்மானிக்கும் பாதையை முதலில் பார்க்க வேண்டும். அடுத்து, காத்திருக்கும் மணிகளுக்கு யார் பணம் தருகிறார் என்று பார்க்க வேண்டும். கிலோமீட்டர் விகிதம் அதற்குப் பிறகு வந்தால் போதும்.

இதற்குக் காரணம் முதல் ஆண்டின் தன்மை. அந்த ஓராண்டில் ஓட்டுநர் சம்பாதிக்கும் பணத்தைவிட, விபத்தில்லாத பதிவு ஒன்றைச் சேர்ப்பதே பின்னாளில் அதிகம் உதவுகிறது. நல்ல சம்பளமும் ஒழுங்கான நேரமும் உள்ள வேலைகள் பலவும் ஓரிரு ஆண்டு விபத்தில்லா அனுபவத்தைக் கேட்கின்றன. வண்டிக்குக் காப்பீடு தருபவரும் அதையே பார்க்கிறார். ஆகவே முதல் வேலையைத் தேர்ந்தெடுப்பவர், இந்தப் பாதையும் இந்த முதலாளியும் என்னை ஓராண்டு கழித்துப் பழுதில்லாமல் வெளியே கொண்டுவந்து விடுவார்களா என்ற கண்ணோடு ஒவ்வொரு வாய்ப்பையும் பார்ப்பது நல்லது.

பாதைகள்

முதலில் நெடுந்தூர ஓட்டம். எந்த ஊருக்கு லோடு கிடைக்கிறதோ அந்த ஊருக்குப் போய், அங்கிருந்து அடுத்த லோடு எங்கே இழுக்கிறதோ அங்கே போகும் வாழ்க்கை இது. புதியவருக்கு எளிதில் கிடைக்கும் வேலையும் பெரும்பாலும் இதுதான், ஏனெனில் அனுபவசாலிகள் இதிலிருந்து விலகிக்கொண்டே இருப்பதால் இடம் எப்போதும் காலியாக இருக்கிறது. நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் ஓட்டுவது கையைப் பழக்கும். பலவகை மழை, பனி, காற்று, நெரிசல் எல்லாவற்றையும் ஓராண்டுக்குள் காட்டிவிடும். ஆனால் இதன் உண்மையான விலையை வீட்டை விட்டுப் பிரிந்திருக்கும் நாள்களால் மட்டும் அளக்க முடியாது. தொடங்கும் நேரம் நாளுக்கு நாள் நகர்ந்துகொண்டே போவதுதான் பெரிய சிக்கல். திங்கட்கிழமை விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டவர், வியாழக்கிழமை இரவு ஒன்பதுக்குப் புறப்பட வேண்டியிருக்கும். சட்டப்படி அவருக்கு ஓய்வு கிடைத்திருக்கும். ஆனால் பகல் இரண்டு மணிக்குக் கேபினுக்குள் திரையை இழுத்துவிட்டுப் படுத்தவுடன் உடல் உறங்கிவிடாது.

சட்டங்கள் மணிகளை எண்ணுகின்றன. அமெரிக்காவில் 10 மணி நேரத் தொடர் ஓய்வுக்குப் பிறகு, 14 மணி நேரத்துக்குள் அடங்கும்படி 11 மணி நேரம் ஓட்டலாம். 8 மணி நேரம் ஓட்டியபின் அரை மணி நேர இடைவெளி எடுக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 561/2006 விதி இதைவிடக் கடுமையானது: நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவெளி, நாளொன்றுக்கு 9 மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி நேரம், அடுத்தடுத்த இரண்டு வாரங்களில் சேர்த்து 90 மணி நேரத்துக்கு மேல் கூடாது. இந்தியாவில் 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8, வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரையறுத்தது. இந்த எண்களைப் புதியவர் மனப்பாடம் செய்வது அவசியமே. ஆயினும் இவை எதுவும், ஓட்டுநர் எழுந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்ற கணக்கை முழுமையாகப் பிடிப்பதில்லை. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கை கண் ஒருங்கிணைவு, இரத்தத்தில் 0.05 சதவீத மது உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997ஆம் ஆண்டிலேயே காட்டினார்கள். பகலில் உறங்க முடியாமல் புரண்டுவிட்டு இரவில் ஸ்டியரிங்கைப் பிடிப்பவர், பதிவேட்டில் எந்தத் தவறும் இல்லாமலேயே அந்த நிலையில் ஓட்டிக்கொண்டிருக்கலாம்.

நெடுந்தூரத்துக்கு அடுத்த வாய்ப்பு வட்டார ஓட்டம். ஒரு மையத்தைச் சுற்றி ஒரு நாளில் போய்வரக்கூடிய, அல்லது ஓரிரவு வெளியே தங்கித் திரும்பக்கூடிய தூரத்துக்குள் இது அடங்கும். சில மாதங்களில் சாலைகள் பழகிவிடும். எந்தப் பாலம் தாழ்வானது, எந்தக் கிடங்கில் எந்தப் பக்கம் வாயில், எங்கே இடம் இல்லாவிட்டால் எங்கே நிறுத்தலாம் என்பதெல்லாம் தலைக்குள் பதிந்துவிடும். கவனம் முழுவதும் வண்டியின் மேல் நிற்பதற்கு இந்தப் பழக்கம் பெரிதும் உதவுகிறது. புதியவரின் மூளைக்கு ஒரே நேரத்தில் வழி தேடவும், பின்கண்ணாடி பார்க்கவும், கியர் நினைக்கவும், எதிரே வரும் சிறிய வண்டியை அளக்கவும் வேண்டியிருக்கிறது. அவற்றில் வழி தேடும் சுமையையாவது கழித்துவிடும் பாதை நல்ல பாதை. எனக்குத் தெரிந்த வரையில், தொடக்க நிலை ஓட்டுநருக்கு இதைவிடப் பொருத்தமான ஓட்டம் இல்லை.

வட்டார ஓட்டத்தின் ஒரு வகையாக, இரண்டு சரக்கு மையங்களுக்கு இடையே ஒவ்வோர் இரவும் போய்வரும் வேலையைச் சொல்லலாம். மாலையில் புறப்பட்டு, பாதி வழியிலோ மறுமுனையிலோ டிரெய்லரை மாற்றிக்கொண்டு, விடியலுக்குள் திரும்பிவிடுவது. இரவு வேலை என்றவுடன் பலர் மறுத்துவிடுகிறார்கள். இரவு இரண்டு மணிக்கும் காலை ஆறு மணிக்கும் இடையே உடலின் விழிப்பு மிகக் கீழே இறங்குகிறது என்பது உண்மைதான். அந்த நேரத்தில் தினமும் சாலையில் இருப்பது சிறிய ஆபத்தன்று. ஆனாலும் நிரந்தர இரவு ஓட்டத்தையும், பகலும் இரவும் மாறி மாறி வரும் ஓட்டத்தையும் ஒப்பிட்டால் நான் முதலாவதையே சொல்வேன், ஏனெனில் ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், தன் சொந்தப் படுக்கையில், இருட்டாக்கிய அறையில் உறங்க முடிகிறது. வீட்டில் கைக்குழந்தை இருப்பவருக்கும், பகலில் அமைதி கிடைக்காத வீட்டில் இருப்பவருக்கும் இது பொருந்தாது. அப்படிப்பட்டவர் தன்னை நேர்மையாகக் கேட்டுக்கொண்டு விலகிவிட வேண்டும்.

ஊருக்குள் பகலில் சரக்கு இறக்கும் வேலையைப் பற்றிப் புதியவர்களிடம் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. தூரம் குறைவு, மாலையில் வீடு, ஆகவே எளிது என்று நினைக்கிறார்கள். நெடுஞ்சாலையில் வண்டி நேராகப் போகும்போது அதிகம் தவறு செய்ய இடமில்லை. தவறுகள் நடப்பது குறுகிய இடத்தில் பின்னால் வரும்போது. ஊர் வேலையில் ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு முறை ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருக்கும், அதிலும் பாதி முறை ஓட்டுநருக்குத் தெரியாத எதிர்ப்பக்கமாக வளைந்து. அந்தப் பக்கமாக டிரெய்லரை மடக்கத் தொடங்கியவுடன் எதிர்ப்பக்கக் கண்ணாடி முழுவதும் டிரெய்லரின் சுவர் மட்டுமே நிறைந்துவிடும். அதன் பின்மூலை எங்கே போகிறது, அங்கே நிற்பது தூணா மனிதரா என்பதைக் கண்ணாடி சொல்லாது. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பிரேக்கைப் போட்டு, இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, இரண்டடி நகர்த்தி, மறுபடியும் இறங்கிப் பார்ப்பது. பின்னால் நான்கு கார்கள் ஹார்ன் அடிக்கும்போது இறங்குவதற்குப் புதியவருக்குக் கூச்சமாக இருக்கும். என்னிடம் பழகுபவர்களிடம் நான் சொல்வது, "தம்பி, அவர்கள் ஐந்து நிமிடத்தில் உன்னை மறந்துவிடுவார்கள், அந்தத் தூணில் இடித்தால் ஐந்து வருடம் உன் பதிவில் நிற்கும்." இந்த வேலையை எடுப்பவர், முதல் சில வாரங்களாவது அனுபவமுள்ள ஒருவர் கூட வருவாரா என்று கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

மலைப்பாதையும் பனிப்பாதையும் உள்ள ஓட்டங்களை முதல் ஆறு மாதத்துக்குத் தள்ளிவைக்க முடிந்தால் தள்ளிவைப்பதே நல்லது. கனரக வண்டி, உலர்ந்த சாலையிலேயே மணிக்கு 88 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, ஆபத்தைக் கண்டு, காலை வைத்து, முழுதாக நிற்க ஏறத்தாழ 128 மீட்டர் எடுத்துக்கொள்கிறது என்று அமெரிக்க உரிமக் கையேடு கணக்கிடுகிறது. இறக்கத்தில் இந்தக் கணக்கு செல்லாது. இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துக்கொள்ளாதவர், பாதியில் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழந்த பிறகு கியரை மாற்ற முயன்றால், கியர் விழாமல் நியூட்ரலில் வண்டி ஓடத் தொடங்கிவிடும் அபாயம் உண்டு. இதை வகுப்பில் சொல்லிப் புரியவைக்கலாம். ஆனால் இறங்கத் தொடங்கும் முன் எந்த கியர் போதும் என்று பிரேக்கைத் தொடாமலே முடிவு செய்யும் கணிப்பு, அனுபவமுள்ளவர் பக்கத்தில் உட்கார்ந்து ஐந்தாறு முறை இறக்கிக் காட்டினால்தான் வரும்.

சரக்கின் வகையும் பாதையின் ஒரு பகுதியே. மூடிய பெட்டி வண்டி புதியவருக்கு ஏற்றது. குளிர்பதன வண்டியில் ஓட்டுவது அதேபோலத்தான், ஆனால் ஏற்றுமிடத்திலும் இறக்குமிடத்திலும் காத்திருப்பு மிக அதிகம், அதுவும் பெரும்பாலும் இரவில். திறந்த மேடை வண்டியில் சரக்கைக் கட்டுவதும் தார்ப்பாய் போடுவதும் உடலுழைப்பும் கைத்திறனும் கேட்பவை. அதை ரசித்துச் செய்யும் இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன், பெட்டி வண்டியைவிட அவர்கள் அதையே விரும்புகிறார்கள். டேங்கரை மட்டும் முதல் ஆண்டில் தொட வேண்டாம் என்பேன். முக்கால் பங்கு திரவம் நிறைந்த டேங்கரை நிறுத்தும்போது, வண்டி நின்ற பிறகும் உள்ளேயிருக்கும் திரவம் முன்னால் பாய்ந்து தொட்டிச் சுவரில் மோதுகிறது. வழுக்கும் சாலையில் அந்த ஓர் அலை, நின்ற வண்டியையே சந்திப்புக்குள் தள்ளிவிடும். பால் போன்ற உணவுத் திரவங்களின் தொட்டிகளில், சுத்தம் செய்வதற்கு இடைஞ்சல் என்பதால், அலையைத் தடுக்கும் குறுக்குத் தடுப்புகளே இருப்பதில்லை. தடுப்பு உள்ள தொட்டியிலும் பக்கவாட்டு அலை இருந்துகொண்டுதான் இருக்கும். வளைவில் கவிழ்க்கும் வேலையை அதுவே செய்கிறது. டேங்கருக்குச் சம்பளம் கூடுதலாக இருப்பது இதனால்தான், இரண்டாம் மூன்றாம் ஆண்டில் அதற்கு மாறுவது நல்ல முடிவாகவும் இருக்கும்.

காத்திருக்கும் மணிகள்

வேலைக்குச் சேர்க்கும்போது எந்த முதலாளியும் தானாகப் பேசாத விஷயம் இது. நான் ஓட்டத் தொடங்கிய ஆண்டில் ஒரு கிடங்கில், காலை ஏழு மணிக்கு வரச் சொன்ன லோடுக்காக மாலை நான்கு வரை நின்றேன். உறங்கவும் முடியாது, எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது. வரிசையில் முன்னால் இருப்பவர் நகர்ந்தால் நானும் நகர வேண்டும். சரக்கு ஏறி முடிந்தவுடன், வாயிற்காவலர் வந்து, வளாகத்துக்குள் நிறுத்தக் கூடாது, உடனே வெளியேறுங்கள் என்றார். எனக்கு ஓட்ட உரிமையுள்ள மணிகள் முடியும் தறுவாயில் இருந்தன. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் இருட்டில் நாற்பது நிமிடம் ஓட்டி, கடைசியில் ஒரு சாலையோர மண்தரையில் நிறுத்தினேன். அந்த ஒன்பது மணி நேரத்துக்கு எனக்கு ஒரு காசும் வரவில்லை, ஏனெனில் என் சம்பளம் கிலோமீட்டருக்கு. அந்த இரவில் எதுவும் நடக்காதது அதிர்ஷ்டம் மட்டுமே. 2009ஆம் ஆண்டு அமெரிக்காவில், இறக்குமிடத்துக்கு முன்கூட்டியே வந்துசேர்ந்த ஓர் ஓட்டுநர், அங்கே நிறுத்த இடமில்லாமல், மூடிக்கிடந்த எரிபொருள் நிலையம் ஒன்றில் நிறுத்தியபோது கொல்லப்பட்டார். லாரி நிறுத்துமிடங்களைப் பெருக்குவதற்காக 2012ஆம் ஆண்டு இயற்றப்பட்ட ஜேசன் சட்டம் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது.

காத்திருப்பு பணத்தை மட்டும் தின்பதில்லை. ஏற்றுமிடத்திலும் இறக்குமிடத்திலும் சராசரியாக 15 நிமிடம் கூடுதலாக நின்றால், எதிர்பார்க்கப்படும் விபத்து விகிதம் 6.2 சதவீதம் உயர்கிறது என்று அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2018ஆம் ஆண்டில் மதிப்பிட்டது. ஓட்டியவர்களுக்கு இதன் காரணம் விளக்காமலே புரியும். 14 மணி நேரக் கடிகாரம் கிடங்கு வாசலில் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். இழந்த நேரத்தைப் பிடிக்க வேகம் கூடும், இடைவெளி சுருங்கும், இருட்டில் தெரியாத இடத்துக்குள் நுழைய நேரும்.

இதைச் சம்பளக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். விளக்குவதற்காக நானே வைத்த எண்கள் இவை. முதல் முதலாளி கிலோமீட்டருக்கு 5 தருகிறார். வாரத்தில் 2,700 கிலோமீட்டர் ஓடுகிறது, அதில் 300 கிலோமீட்டர் காலி வண்டி என்பதால் பணமில்லை. ஆக 2,400 கிலோமீட்டருக்கு 12,000. இரண்டாம் முதலாளி மணிக்கு 200 தருகிறார். வாரத்தில் 50 மணி நேரம், ஆக 10,000. பார்த்தவுடன் முதல் வேலையே பெரிது. ஆனால் முதல் வேலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் சராசரியில் ஓட்ட மட்டும் 45 மணி நேரமும், காத்திருக்க 16 மணி நேரமும், வண்டி சோதிக்க, எரிபொருள் போட, தாள்கள் பார்க்க 9 மணி நேரமும் போயிருக்கின்றன. மொத்தம் 70 மணி நேரம். மணிக்கு 171தான் தேறுகிறது. அடுத்த வாரம் காத்திருப்பு இன்னும் 6 மணி நேரம் கூடினால், அதே 70 மணி நேரத்துக்குள் ஓட்டும் தூரம் 2,340 ஆகச் சுருங்கி, வருமானம் 10,200க்கு இறங்கி, மணிக்கு 146 ஆகிவிடும். மணிக்கூலி தருபவரிடம் அந்த 6 மணி நேரம் முதலாளியின் கவலையாக இருக்கும். அவர் கிடங்கோடு சண்டை போடுவார், அல்லது அந்த வாடிக்கையாளரையே விட்டுவிடுவார். கிலோமீட்டருக்குக் கூலி வாங்குபவரின் காத்திருப்பு முதலாளிக்குச் செலவே இல்லை. செலவில்லாத ஒன்றைக் குறைக்க அவர் எதற்காக மெனக்கெட வேண்டும்?

ஐரோப்பிய விதி 561/2006, ஓடிய தூரத்துக்கோ ஏற்றிய சரக்கின் அளவுக்கோ ஏற்பக் கூலி தருவது சாலைப் பாதுகாப்பைக் கெடுக்குமானால் அப்படித் தரக் கூடாது என்று தடுக்கிறது. அமெரிக்காவிலோ, 1938ஆம் ஆண்டின் நியாயமான தொழிலாளர் தரச் சட்டம் மாநிலங்களுக்கிடையே சரக்கு ஓட்டும் ஓட்டுநர்களுக்கு மிகைநேரக் கூலி உரிமையைத் தரவில்லை. உங்கள் நாட்டில் எந்தப் பக்கம் சட்டம் சாய்ந்திருந்தாலும், முதலாளியிடம் மூன்று கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குவது உங்கள் கையில் இருக்கிறது. காத்திருப்புக்குப் பணம் எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கும், காலி ஓட்டத்துக்கு உண்டா, கிலோமீட்டரை வண்டியின் மீட்டர்படி எண்ணுவார்களா அல்லது வரைபடத்தின் மிகக் குறுகிய வழிப்படி எண்ணுவார்களா? மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. லாரி போகக் கூடாத சந்துகள் வழியாக வரைபடம் கணக்கிட்ட தூரத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு, அதைவிட நீண்ட உண்மையான வழியில் ஆண்டு முழுவதும் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

முதலாளிகள்

பெரிய நிறுவனத்தின் வலிமை பயிற்சிதான். ஒரு பயிற்சியாளரோடு சில வாரங்கள் ஓட்டவைத்த பிறகே வண்டியைத் தனியாகத் தருவார்கள். வண்டி பழுதானால் வேறு வண்டி கிடைக்கும். சம்பளம் தேதி தவறாது. பயிற்சிச் செலவுக்கு ஈடாக இத்தனை மாதம் வேலை பார்க்க வேண்டும், இடையில் போனால் முழுத் தொகையையும் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம் அநேகமாக இருக்கும். காலத்துக்கு ஏற்பக் குறைந்துகொண்டு வரும் தொகை என்றால் ஏற்கலாம். கடைசி மாதத்தில் விலகினாலும் முழுப் பணம் என்றால் யோசிக்க வேண்டும். லோடு ஒதுக்குபவருக்கு நீங்கள் பல ஓட்டுநர்களில் ஒருவர் என்பதும் மறக்கக் கூடாதது. அமெரிக்காவின் பெரிய நெடுந்தூர நிறுவனங்களில் ஓட்டுநர்கள் விலகும் விகிதம் பல ஆண்டுகள் 90 சதவீதத்தை ஒட்டியோ தாண்டியோ இருந்திருக்கிறது. மையங்களுக்கிடையே சிறு சரக்குகளைச் சேர்த்து ஓட்டும் நிறுவனங்களில் அது அதில் மிகச் சிறு பங்கே. ஒரே தொழில், ஒரே உரிமம், ஒரே வகை வண்டி. பாதையும் உறக்கமும் மணிக்கணக்கும் மட்டுமே வேறு. பெரிய நிறுவனத்தில் சேர்பவர், அந்த நிறுவனத்துக்குள்ளேயே வட்டார ஓட்டமோ ஒரே வாடிக்கையாளருக்கான ஓட்டமோ இருக்கிறதா, எத்தனை மாதத்தில் அதற்கு மாறலாம் என்று முதல் நாளே கேட்க வேண்டும்.

சிறு முதலாளியைப் பற்றி ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்ல முடியாது. தானே வண்டி ஓட்டி முன்னுக்கு வந்தவராக இருந்தால், அவரைப் போன்ற ஆசிரியர் கிடைக்கமாட்டார். எந்த நள்ளிரவிலும் போனை எடுப்பார், உங்கள் வீட்டு விசேஷம் அவருக்கு நினைவிருக்கும். ஆனால் அவரிடம் இருப்பதே இரண்டு வண்டி. ஒன்று பழுதானால் அந்த வாரம் வேலையில்லை; வாடிக்கையாளர் பணம் தர ஒரு மாதம் தாமதித்தால் உங்கள் சம்பளமும் தாமதிக்கும். டயரை இன்னும் ஒரு டிரிப் ஓட்டலாமா என்று அவர் கணக்குப் போடும்போது அதில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை, கையில் பணம் இல்லாமல்கூட இருக்கலாம்; வெடிக்கும் டயருக்கு அந்த வேறுபாடு தெரியாது. ஆகவே இங்கே மனிதரைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காமல் வண்டியைப் பார்த்து முடிவெடுங்கள். காப்பீடும் தகுதிச் சான்றும் நடப்பில் இருக்கின்றனவா என்று கேட்பதை அவமதிப்பாக எடுத்துக்கொள்பவரிடம் சேர வேண்டாம்.

தன் சொந்தச் சரக்கை ஓட்டும் தொழிற்சாலை அல்லது வணிக நிறுவனம் கிடைத்தால், மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதை எடுக்கலாம். ஏற்றுமிடமும் இறக்குமிடமும் அவர்களுடையதாகவே இருப்பதால் காத்திருப்பு குறைவு; பாதை மாறாது. பிரச்சினை, அவர்கள் புதியவர்களை அரிதாகவே எடுக்கிறார்கள் என்பதுதான். கிடங்கில் வேறு வேலையாகச் சேர்ந்து, உள்ளிருந்தே ஸ்டியரிங்குக்கு மாறியவர்களை எனக்குத் தெரியும்.

தவணையில் வண்டி தருபவரைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. தவணை, எரிபொருள், பழுது, காப்பீடு எல்லாம் ஓட்டுநர் தலையில். லோடு கொடுப்பது மட்டும் அதே முதலாளியின் கையில். லோடு குறைந்த மாதத்தில் தவணை தவறினால், அதுவரை கட்டியதும் போய் வண்டியும் போகும். அமெரிக்க அரசு இதற்கென்றே அமைத்த பணிக்குழு 2025 ஜனவரியில் தந்த அறிக்கையில், இப்படிப்பட்ட குத்தகைத் திட்டங்களைத் தடைசெய்யவே பரிந்துரைத்தது. சொந்த வண்டி என்பது நல்ல கனவுதான்; அதை மூன்று நான்கு ஆண்டு ஓட்டி, செலவுக் கணக்கு கையில் வந்த பிறகு, லோடு தராத ஒருவரிடம் கடன் வாங்கி நிறைவேற்றிக்கொள்ள வேண்டும்.

எல்லா வகை முதலாளிகளிடமும் நான் பார்க்கும் கடைசி அளவுகோல், ஓட்டுநர் மறுக்கும்போது என்ன நடக்கிறது என்பது. களைப்பாக இருக்கிறது, பிரேக்கில் காற்று இறங்குகிறது, மூடுபனி கண்ணை மறைக்கிறது என்று சொல்லி நிறுத்தினால் என்ன செய்வார்கள்? விதியை மீறி ஓட்டும்படி ஓட்டுநரை மிரட்டுவதை அமெரிக்கா 2016 முதல் தனி விதியால் தடைசெய்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தில், 45 மணி நேர வார ஓய்வை வண்டிக்குள் கழிக்கவைக்கக் கூடாது என்றும், நான்கு வாரத்துக்கு ஒருமுறையாவது ஓட்டுநர் வீடு திரும்பும்படி வேலையை அமைக்க வேண்டும் என்றும் முதலாளிகளைக் கட்டாயப்படுத்தியது. இந்தச் சட்டங்கள் வந்ததே, மறுக்க முடியாத நிலையில் ஓட்டியவர்கள் பலர் இருந்ததால்தான். ஆனால் வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் வாரத்தில் இருப்பவர் சட்டப் புத்தகத்தைக் காட்டி மறுப்பது எளிதன்று. மறுக்கத் தேவையில்லாத இடத்தைத் தேர்ந்தெடுப்பது அவருக்குக் கூடுதல் பாதுகாப்பு.

ஆகவே என்னைக் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இப்படி இருக்கிறது. சொந்தச் சரக்கு ஓட்டும் நிறுவனம் எடுத்தால் அங்கே. இல்லையென்றால், பயிற்சி தரும் நிறுவனம் ஒன்றில், மணிக்கூலியோ காத்திருப்புக் கூலியோ எழுத்தில் உள்ள வட்டார ஓட்டம். அதுவும் கிடைக்காவிட்டால், நெடுந்தூர ஓட்டத்தை ஓராண்டு என்று நாள் குறித்துக்கொண்டு எடுப்பது. தனியாக வாழும் இருபத்திரண்டு வயது இளைஞருக்கு மூன்றாவது அவ்வளவு மோசமான தேர்வன்று. ஊர்களைப் பார்க்கும் ஆசையும் செலவில்லாத வாழ்க்கையும் உள்ளவர் அந்த ஓராண்டை நன்றாகவே கழிக்கிறார்.

கையெழுத்துப் போடுவதற்கு முன், வண்டிகள் திரும்பும் மாலை நேரத்தில் அந்த நிறுவனத்தின் நிறுத்துமிடத்துக்குப் போய் அரை மணி நேரம் நில்லுங்கள். டிரெய்லரின் உள்பக்க டயர்களைக் குனிந்து பாருங்கள், வெளிப்பக்க டயர் எல்லோர் கண்ணிலும் படும் என்பதால் அதை மட்டும் மாற்றி வைப்பவர்கள் உண்டு. வாலில் எத்தனை விளக்குகள் எரியவில்லை என்று எண்ணுங்கள். பிறகு, இறங்கி வரும் ஓட்டுநர் ஒருவரிடம் சம்பளத்தைப் பற்றிக் கேட்காமல், கடைசியாக அவர் தூக்கம் வருகிறது என்று சொல்லி வண்டியை நிறுத்தியபோது அலுவலகத்தில் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். அவர் உடனே, சாதாரணமாகப் பதில் சொன்னால் மறுநாள் விண்ணப்பத்தோடு போகலாம். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினால், அடுத்த நிறுவனத்தின் முகவரியைத் தேடுங்கள்.